விரதமும் வயிறும்: வாசகர் கேள்வி பதில்

கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பால், பழம்தான். வழக்கமாக மூன்று வேளை குடிக்கிற காப்பியையும் விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாளே தலை வெடிக்கிறது; பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இப்படிக் கோபத்தோடு இருக்கிற விரதத்துக்குப் பலன் உண்டா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

உங்கள் பக்தியில் குறை இல்லை அம்மா. குறை காப்பியில் இருக்கிறது. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். இரண்டாம் நாள் அது உச்சத்துக்குப் போகும். எரிச்சலும் சோர்வும் கூடவே வரும். அதனால் விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறைத்து வாருங்கள். முதல் இரண்டு நாள் இரண்டு வேளை, அடுத்த இரண்டு நாள் ஒரு வேளை, பிறகு அரை டம்ளர். ஐப்பசி அமாவாசையன்று கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதில் காப்பித்தூள் சேர்க்காதீர்கள், சேர்த்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

தண்ணீர் போதாவிட்டாலும் தலை வலிக்கும். நாளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் வீட்டு முறையில் உப்புக்குத் தடை இல்லையென்றால், உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்தால் எழுந்து நிற்கும்போது வருகிற கிறுகிறுப்பு குறையும். நான்கு பழத்தை ஒரே வேளையில் சாப்பிடாமல், மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பலனைக் கேட்டீர்கள். பாராயணத்துக்கு உட்காரும்போது மனம் நிற்கிறதா என்று பாருங்கள். நாங்கள் அதைத்தான் அளவுகோலாக வைப்போம்.

போன வருஷம் திருச்செந்தூரில் ஆறு நாளும் வெறும் தண்ணீரும் மிளகுமாக இருந்தேன். திருக்கல்யாணம் முடிந்து வடை பாயசத்தோடு சாப்பிட்டேன். ஊர் திரும்புகிற பஸ்ஸிலேயே வாந்தி, படபடப்பு. என்ன தப்பு?
– வாசகர், ஏரல்

விரதம் இருப்பதை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். முடிப்பதைச் சொல்லித் தர ஆள் குறைவு, உடம்பு கெடுவதோ அங்கேதான். ஐந்து நாளுக்கு மேல் உணவு இல்லாத உடம்பில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் இருப்புக் குறைந்து கிடக்கும். அந்த நிலையில் மாவும் சர்க்கரையும் மொத்தமாக உள்ளே போனால், இன்சுலின் சுரந்து மிச்சமிருப்பதையும் ரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். படபடப்பு அதனால் வந்திருக்கலாம். முற்றினால் இதயத் துடிப்பே தடுமாறும். அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாந்தி வருவதற்கு எண்ணெய்ப் பலகாரம் ஒன்றே போதும்.

முடிக்கிற முறை இது. ஒரு கைப்பிடி நொய்யும் அரைக் கைப்பிடி பாசிப்பருப்பும் பத்துப் பங்குத் தண்ணீரில் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு, முதலில் அரை டம்ளர். இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு அரை டம்ளர். ராத்திரிக்கு இட்லி இரண்டு, சட்னி காரமில்லாமல். முதல் இரண்டு நாளும் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிதான். எண்ணெய்ப் பலகாரம் மூன்றாம் நாளுக்குப் பிறகு. திருக்கல்யாண விருந்தை மறுக்க மனம் வராவிட்டால் பாயசத்தில் ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிரசாதத்துக்கு அது போதும்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் மிளகு விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தண்ணீர் விரதத்தையே தவிர்க்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீவைகுண்டம் போய் முழுப் பட்டினி இருக்கலாமா?
– வாசகர், பேட்டை

என்ன மாத்திரை என்பதைப் பொறுத்தது. கிளிமிபிரைடு போன்றவை சாப்பிடாத வயிற்றிலும் சர்க்கரையை இறக்கிவிடும், இன்சுலினும் அப்படியே. டாபாகிளிஃப்ளோசின் வகை, பட்டினியில் ரத்தத்தில் அமிலம் சேர வழி செய்யலாம். மெட்ஃபார்மின் மட்டுமென்றால் ஆபத்து குறைவு. அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. ஒரு வாரம் முன்பே போய்க் கேளுங்கள். கையில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். 70-க்குக் கீழே வந்தாலோ, வியர்த்துக் கை நடுங்கினாலோ, வரிசையில் நின்றாலும் சரி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிஷம் கழித்துத் திரும்பப் பாருங்கள். விரதம் அதோடு முடிந்தது. பெருமாளுக்கு அதில் வருத்தம் இருக்காது. அரிசியை மட்டும் விட்டு, ஒரு வேளை கோதுமை ரவை உப்புமா சாப்பிட்டு ஏகாதசி இருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. உங்களுக்கு அதுவே ஏற்றது.

மறுநாள் விரதம் முடிக்கிற பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சேர்க்க வேண்டும்; புளி கிடையாது. அகத்தியைக் காம்பு நீக்கிப் பொடியாக நறுக்கி, மூடாமல் வேகவையுங்கள். மூடினால் நிறம் கறுத்துவிடும். சித்த மருந்து எடுப்பவர்கள் அகத்தியைச் சேர்ப்பதில்லை.

எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். கோயில் கொடை விழாவுக்குக் கிடா வெட்டுவோம். செவ்வாய்தோறும் முருகனுக்கு விரதமும் இருக்கிறேன். கறி சாப்பிடுகிறவருக்குத் தியானம் கூடாது என்கிறார்களே?
– வாசகர், வள்ளியூர்

கொடைக்குச் சாமியாடுகிறவர் அதற்கு முன் எத்தனை நாள் சுத்தபத்தமாக, மரக்கறி மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கிறார் என்று பார்த்திருப்பீர்களே. சாஸ்தாவுக்குச் சைவப் படைப்பு, அதே கோயிலில் காவல் தெய்வத்துக்கு அசைவப் படைப்பு. நம் முன்னோர் இரண்டையும் ஒரே வழிபாட்டுக்குள் வைத்துத்தான் கும்பிட்டார்கள். உங்களைத் தாழ்த்திப் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தியானத்துக்குத் தடை வேறிடத்தில் வரும். நள்ளிரவுப் படைப்பு முடிந்து இரண்டு மணிக்கு வயிறு முட்டக் கறிச்சோறு சாப்பிட்டுப் படுத்தால் விடியும்போது நெஞ்சு எரியும், புத்தி மந்தமாக இருக்கும். ராத்திரி இரண்டு துண்டு போதும். மிச்சத்தை மறுநாள் மதியம் ரசத்தோடு சாப்பிடுங்கள். தியானத்துக்கும் அதற்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கொடை செவ்வாயில் வந்தால் உங்கள் பங்கை வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

விரத நாளில் வெங்காயம், பூண்டு இல்லாமல் சொதி வைத்தால் சப்பென்று இருக்கிறது. சில சமயம் திரிந்தும் போகிறது.
– வாசகி, திருநெல்வேலி டவுன்

நான்கு பேருக்கு ஒரு பெரிய தேங்காயைத் துருவி, மூன்று முறை பால் பிழிந்து தனித்தனியாக வையுங்கள். இஞ்சி இரண்டு அங்குலம், பச்சைமிளகாய் ஆறு, சீரகம் அரைத் தேக்கரண்டி சேர்த்து அரையுங்கள். தாளிப்பில் பெருங்காயம் கொஞ்சம் தாராளமாக. வெங்காயம் இல்லாத குறை தெரியாது. முருங்கைக்காய், உருளை, பீன்ஸ், கேரட்டை மூன்றாம் பாலில் வேகவைத்து, அரைத்ததையும் வெந்த பாசிப்பருப்பையும் இரண்டாம் பாலோடு விட்டு ஒரு கொதி. அடுப்பைத் தணித்து முதல் பாலை ஊற்றி, ஓரம் நுரைத்ததும் இறக்குங்கள். கொதித்தால் திரியும். எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தாலும் திரியும். இறக்கிச் சூடு கொஞ்சம் ஆறிய பிறகு பிழியுங்கள். தேங்காய்ப்பால் மந்தம் தரும் என்பதால் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வையுங்கள்.