அசோகமித்திரனின் எளிய நடை எங்கிருந்து வந்தது?

ஒரு நாவலாசிரியருக்கென்று ஒரு நடை எப்படி அமைகிறது, அது வாசகரை என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒருவரை வைத்தே சொல்கிறேன்: அசோகமித்திரன்.

அவர் நடையை ‘எளிமை’ என்று எல்லோரும் சொல்லிவிடுகிறோம். என்னைக் கேட்டால், அது ஓரமாக நின்று பார்த்தே வளர்ந்த ஒருவரின் நடை. 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வே வேலை. சுற்றிலும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும். தமிழ் வீட்டு மொழி. அப்பா இறந்தபின் 1952-இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டுடியோவில் சேர்கிறார். அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று, செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது. ஊரே வாய்பிளந்து பார்த்த சினிமாவை அவர் அதன் ஆபீஸ் மேஜையிலிருந்து பார்த்தார்: யாருக்குச் சம்பளம் வரவில்லை, யார் வாய்ப்புக் கேட்டு வாசலில் நிற்கிறார், யாருக்கு மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. இப்படிப் பல வருஷம் பார்த்தவருக்குச் சோகத்தைக் குரல் உயர்த்திச் சொல்ல மனசு வராது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

‘கரைந்த நிழல்கள்’ நாவலில் இது வடிவமாகவே மாறிவிடுகிறது. ஓர் அத்தியாயத்தில் நாம் பின்தொடர்ந்து போன மனிதர், அப்புறம் வேறு யாரோ பேசும்போது போகிறபோக்கில் ஒரு பெயராக மட்டும் வருவார். அவருக்கு என்ன ஆயிற்று என்று விளக்க ஆசிரியர் நிற்பதில்லை. படக் கம்பெனி ஒன்று நொடித்துப்போனால் அதில் இருந்தவர்கள் இப்படித்தான் காணாமல் போவார்கள்.

ஆனால் அந்த நடை முழுப் பலத்தோடு வேலை செய்வது ‘18வது அட்சக்கோடு’ நாவலில்தான். களம் 1947–48 ஹைதராபாத். அந்தச் சமஸ்தானத்தை ஆண்ட நிஜாமின் ஆட்சியின் கடைசி மாதங்கள், அவர் பக்கம் நின்ற ரஜாக்கர்கள் என்ற ஆயுதப் படை, இந்திய ராணுவத்தின் வருகை. நாவல் வந்தது 1977-இல். நடுவே ஏறத்தாழ முப்பது வருஷம். அந்த இடைவெளி வாக்கியங்களில் தெரிகிறது; சூடு ஆறியிருக்கிறது, நினைவு மங்கவில்லை. சந்திரசேகரன் என்ற பையன் கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் சுற்றுகிறான், காலேஜுக்குப் போகிறான். சில இடங்களில் அவனே ‘நான்’ என்று சொல்கிறான், சில இடங்களில் கதை அவனை ‘அவன்’ என்று தள்ளி நின்று பார்க்கிறது. தன் இளமையை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் பார்க்கத் தெரிந்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

கடைசியில் கலவரம். ஓடி ஒளிய வந்து ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். உள்ளே பயந்து ஒடுங்கிய ஒரு குடும்பம். அவர்களுக்கு இவன் கலவரக்காரன். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, சின்னவள், தன் குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி, தன் உடைகளைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் அங்கிருந்து ஓடுகிறான். நாவல் அவ்வளவுதான். (முடிவைச் சொல்லிவிட்டேன், ஆனாலும் அந்தப் பக்கத்தின் வேகம் குறையாது.) ஆசிரியர் அங்கே நாலு வரி புலம்பியிருந்தால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறிப்போயிருப்பேன். அவர் புலம்பவில்லை. அதனால் அந்தப் பெண் என்ன நினைத்து அந்த முடிவுக்கு வந்தாள், இவனைப் பார்த்த முதல் கணத்தில் அவளுக்கு என்ன தெரிந்தது என்றெல்லாம் நானே யோசிக்க வேண்டியதாயிற்று. இன்னும் யோசிக்கிறேன். நடை வாசகரை என்ன செய்யும் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: உணர்ச்சிவசப்படும் வேலையை அவர் செய்யாமல் நம்மிடம் விட்டுவிடுகிறார்.

‘தண்ணீர்’ நாவல் வேறு விதத்தில் ஒட்டிக்கொண்டது. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம், அதற்குள் ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கை. அதைப் படித்த பிறகு, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்பவர்களை என்னால் கூட்டமாகப் பார்க்க முடியவில்லை. இந்த அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார், வீட்டில் யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று கேள்வி போகிறது.

சரி, இந்த நடையைப் பழகிக்கொள்ள முடியுமா? சின்ன வாக்கியமாக எழுதி, உவமையை வெட்டிவிட்டால் அவர் மாதிரி ஆகிவிடலாம் என்று பலர் முயல்கிறார்கள். சப்பென்று போய்விடுகிறது. அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். தெரியாததை விட்டுவிட்டு எழுதினால் பக்கத்தில் ஓட்டைதான் மிஞ்சும்.

புதிதாகப் படிப்பவர் ‘புலிக்கலைஞன்’ சிறுகதையில் தொடங்கலாம். ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வரும் ஒரு மனிதர், அந்தச் சின்ன அறையிலேயே புலியாகப் பாய்ந்து காட்டிவிட்டு, மறுபடி வேலையில்லாத ஏழையாகிக் கெஞ்சுகிறார். சில பக்கங்கள்தான். அதைப் படித்துவிட்டு நேராக ‘18வது அட்சக்கோடு’க்குப் போங்கள்.