தியேட்டரை நடத்தும் கம்பெனி கை மாறினால், இடத்துக்காரர் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் தாத்தா கட்டிய தியேட்டரை இரண்டு திரைகளாகப் பிரித்து, 2018-ல் ஒரு மல்டிபிளக்ஸ் கம்பெனிக்கு 15 வருட லீசுக்கு விட்டோம். மாத வாடகை அல்லது வசூலில் 10 சதவீதம், எது அதிகமோ அது எங்களுக்கு. இப்போது அந்தக் கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைகிறது. போர்டை மாற்றப் போகிறோம், 'துணை ஒப்பந்தத்தில்' 15 நாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். தியேட்டர் நடத்த அனுமதிக்கும் சி ஃபார்ம் லைசென்ஸ் இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கிறது. போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கம்பெனிகள் இணைவதால் உங்கள் பழைய லீஸ் காலாவதி ஆகிவிடாது. 15 நாள் என்பது அவர்களுடைய அவசரம். அவர்கள் அனுப்பிய தாளில் பெயர் மாற்றத்தோடு வேறு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

முதலில், இது எந்த வகை இணைப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் எல்லாமே 'மெர்ஜர்'தான். சட்டத்தில் அது மூன்று வகை, மூன்றும் வேறு வேறு.

பங்கு வாங்குவது ஒரு வகை. 2018-ல் சென்னை சத்யம் தியேட்டரை நடத்திய எஸ்பிஐ சினிமாஸின் 71.69 சதவீதப் பங்கை பிவிஆர் என்ற மல்டிபிளக்ஸ் கம்பெனி 633 கோடி ரூபாய்க்கு வாங்கியது இப்படித்தான். இதில் முதலாளி மாறுகிறாரே தவிர, உங்கள் வாடகைதாரரான கம்பெனி அப்படியே இருக்கும். புது ஒப்பந்தமே தேவைப்படாது. ஆனால் பழைய முதலாளி தனிப்பட்ட முறையில் கொடுத்த ஜாமீன் இருந்தால், அதைத் தொடர்கிறாரா, புதிய தாய்க் கம்பெனி அந்த இடத்துக்கு வருகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் உத்தரவோடு ஒரு கம்பெனி இன்னொன்றில் கரைவது. பிவிஆர்-ஐநாக்ஸ் இணைப்பு 2022 மார்ச் 27-ல் அறிவிக்கப்பட்டு 2023 பிப்ரவரி 6-ல் அமலுக்கு வந்தது. இந்த வகையில் லீஸ்கள் அந்த உத்தரவின் பலத்திலேயே புதிய கம்பெனிக்குப் போய்விடும், ஒவ்வொரு இடத்துக்காரரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த இணைப்பில் பழைய திரைகள் பழைய பெயரிலேயே தொடரும், புதிதாகத் திறப்பவைதான் 'பிவிஆர் ஐநாக்ஸ்' என்று அறிவித்தார்கள். ஆகவே போர்டு மாற்றம் வியாபார முடிவு. சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கம்பெனியை விட்டுவிட்டு தியேட்டர் தொழிலை மட்டும் வாங்குவது. இங்கே லீஸைப் புதியவர் பெயருக்கு மாற்ற, பெரும்பாலான ஒப்பந்தங்களில் உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் கையெழுத்துக்கு உண்மையான விலை இருப்பது இந்த வகையில்தான்.

எந்த வகை என்றாலும் தீர்ப்பாய உத்தரவின் சான்றிட்ட நகல் அல்லது பங்கு மாற்றத்துக்கான சான்று, அமலுக்கு வந்த தேதி, புதிய கம்பெனியின் பான், ஜிஎஸ்டி எண், நீங்கள் கையில் வைத்திருக்கும் முன்பணம் யாருக்குச் சேரும் என்ற உறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். வாடகைதாரர் கம்பெனியே மாறியிருக்கும்போது பழைய ஜிஎஸ்டி எண்ணில் பில் போட்டால் அவர்களால் வரி வரவு எடுக்க முடியாது. கணக்குப் பிரிவு பில்லைத் திருப்பி அனுப்பும், வாடகை இரண்டு மாதம் நின்றுபோகும். டிடிஎஸ் பழைய கம்பெனி பெயரில் பிடித்தமானால் வருமான வரிக் கணக்கிலும் சிக்கல்.

அடுத்து, துணை ஒப்பந்தத்தில் 'வசூல்' என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பணம் நழுவுவது இங்கேதான். ஒரு கணக்கு: மாதம் 10,000 டிக்கெட், வரி போக 120 ரூபாய் என்றால் 12 லட்சம். கேன்டீனில் தலைக்கு 60 ரூபாய் என்றால் 6 லட்சம். பழைய ஒப்பந்தம் 'மொத்த வருமானம்' என்றால் உங்கள் 10 சதவீதம் 1,80,000. புதியது 'டிக்கெட் நிகர வசூல்' என்று மாறினால் 1,20,000. சதவீதம் மாறவே இல்லை, ஆனால் மாதம் 60,000 போய்விட்டது. ஆன்லைன் புக்கிங் கட்டணம், திரை விளம்பரம், பார்க்கிங், மாதப் பாஸ் ஒவ்வொன்றும் உள்ளே வருகிறதா என்று பெயர் சொல்லி எழுத வையுங்கள். டிக்கெட்டும் பாப்கார்னும் சேர்ந்த காம்போவில் எவ்வளவு டிக்கெட் கணக்கில் சேரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க, டிசிஆர் (தினசரி வசூல் அறிக்கை) நகல் அன்றன்றே உங்களுக்கு வர வேண்டும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு சேர்ந்த என்எஸ்சி ஏரியா விநியோகஸ்தருக்குப் போகும் அதே டிசிஆர்தான் வேண்டும். உங்களுக்கென்று தனியாகத் தயாரித்த சுருக்கம் போதாது.

வாடகையையோ காலத்தையோ மாற்றும் துணை ஒப்பந்தத்தை, மூல லீஸைப் போலவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் போட்டுவிட்டால் பிறகு கோர்ட்டில் கைகொடுக்காது.

லைசென்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கமே ஓட்டை இருக்கிறது. சி ஃபார்ம் கலெக்டர் கொடுப்பது. அவர் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. இறந்தவர் பெயரில் லைசென்ஸை வைத்துக்கொண்டு போர்டு மாற்ற விண்ணப்பித்தால் பழைய கோப்பு முழுதும் கிளறப்படும். முதலில் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வைத்து வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் பெயர் மாற்றத்துக்கு மனுக் கொடுங்கள். அதன்பின் தியேட்டர் பெயர் மாற்றம். (2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் பிரிந்தபின் ஆற்காடு, அரக்கோணம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் போக வேண்டும்.) தீயணைப்பு, மின் ஆய்வாளர், கட்டட உறுதிச் சான்றுகளில் பழைய பெயர், புதிய பெயர் குழப்பம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேன்டீனின் உணவுப் பாதுகாப்பு உரிமம் நடத்தும் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். அது அவர்கள் வேலை. பெரிய கம்பெனியின் போர்டு மாட்டியதால் டிக்கெட் விலை உச்சவரம்பு உயராது. அரசாணையில் உங்கள் தியேட்டர் எந்த வகையோ அதற்குரிய விலைதான்.

போர்டு மாறும் வாரத்தில் அதிகம் சொதப்புவது புரொஜக்டர் அறை. படத்தைத் திறக்கும் கேடிஎம் சாவி தியேட்டர் பெயருக்கு வருவதில்லை. படத்தை ஓட்டும் சர்வரின் டிஜிட்டல் சான்றிதழோடும் தேதி, நேரத்தோடும் கட்டப்பட்டு வருகிறது. பெயர் மட்டும் மாறினால் படம் ஓடும். புதிய கம்பெனி தன் சர்வரைக் கொண்டுவந்து வைத்தால் பழைய சாவி திறக்காது. வியாழன் ராத்திரி சாவி பழைய கம்பெனியின் மெயிலுக்குப் போய், வெள்ளி காலைக் காட்சி நிற்கும். சர்வர் சீரியல் எண், திரை எண், மெயில் முகவரி மூன்றையும் குறைந்தது ஒரு வாரம் முன்பே க்யூப், யுஎஃப்ஓ போன்ற டிஜிட்டல் சினிமா சேவைக்காரரிடம் மாற்றச் சொல்லுங்கள். உங்களுக்கு இரண்டு திரை என்பதால் ஒன்றின் சாவி மற்றதற்குப் பதிவாகாமல் சோதிக்க வேண்டும். புரொஜக்டரே சேவைக்காரரின் வாடகைப் பொருளாக இருந்தால், திரை விளம்பர உரிமை அந்த ஒப்பந்தத்தில் யாருக்குப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். ஒரே விளம்பர நேரத்தை இரண்டு பேர் விற்ற தகராறில் இடத்துக்காரரும் மாட்டுவார்.

பெயர் விஷயத்தில் எங்கள் கருத்து உறுதியானது: தாத்தா வைத்த பெயரை விட்டுக்கொடுக்காதீர்கள். கம்பெனிப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்திலாவது அது நிற்கட்டும். அதற்கு முன், பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41-ஆம் வகுப்பில் அதை வர்த்தகக் குறியாக உங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். தனிநபர் ஆன்லைனில் செய்தால் 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும். அவர்கள் காலி செய்யும்போது எத்தனை நாளில் போர்டை இறக்க வேண்டும், மேப்பிலும் டிக்கெட் ஆப்களிலும் பக்கத்தை யார் பெயர் மாற்றித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். ஆட்லேப்ஸ் என்ற தியேட்டர் கம்பெனி பிக் சினிமாஸ் ஆகி, 2014 இறுதியில் கார்னிவல் கைக்குப் போனது. கொரோனாவுக்குப் பின் அதன் பல திரைகள் மூடிக்கிடந்தன. நடத்தும் கம்பெனி மீது திவால் நடவடிக்கை தொடங்கினால் தடைக்காலத்தில் உங்கள் இடத்தைக்கூடத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே குறைந்தது ஆறு மாத வாடகை முன்பணமாக உங்களிடம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கேட்டு வாங்க இதுவே நேரம்.

இந்த 15 நாளில் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பதில் கடிதம்: 'ஆவணங்கள் கிடைத்தபின் பரிசீலிக்கிறோம், அதுவரை 2018 லீஸ் நிபந்தனைகள் தொடர்கின்றன.' ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு இரண்டு கம்பெனிகளுக்கும் அனுப்புங்கள். இதற்கிடையே புதிய கம்பெனியின் கணக்கிலிருந்து வாடகை வந்தால் வாங்கிக்கொள்ளலாம்; ரசீதில் 'உரிமைக்குப் பாதகமின்றிப் பெறப்பட்டது' என்று ஒரு வரி எழுதுங்கள்.