மசாத்லானில் குடித்தனம்: எதைக் கொண்டுபோவது, எதை எங்கே வாங்குவது?

கேள்வி: கணவருக்கு மெக்சிகோவின் மசாத்லான் நகரில் இரண்டு ஆண்டு வேலை. தற்காலிகக் குடியிருப்பு அட்டையுடன் குடும்பமாகப் போகிறோம். வாடகை வீட்டில் அடுப்பும் ஃபிரிட்ஜும் மட்டும் உண்டு. மிக்ஸி, கிரைண்டர், பருப்பு, மசாலா எல்லாவற்றையும் சென்னையிலிருந்தே எடுத்துப் போக வேண்டுமா? நம் சமையலுக்கு அங்கே என்ன கிடைக்கும்? ஏமாறாமல் வாங்குவது எப்படி?

பதில்: மிக்ஸியையும் கிரைண்டரையும் முதலில் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மெக்சிகோவில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊர்க் கருவிகள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட் இஸ்திரிப் பெட்டியோ கெட்டிலோ அங்கே பாதிச் சூடுகூடத் தராது. வோல்டேஜின் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்பச் சக்தி குறைவதால் 30 சதவீதம்தான் மிஞ்சும். மிக்ஸி சுற்றும், ஆனால் தேங்காய் போட்டவுடன் திணறி நிற்கும். நின்ற மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் கம்பிச்சுருள் கருகும். டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம் என்றால், 750 வாட் மிக்ஸிக்கு 1,500 வாட் தாங்குவது வேண்டும். அதன் கனத்துக்கும் விலைக்கும் அங்கேயே நல்ல மிக்ஸி வாங்கிவிடலாம். கிரைண்டரில் வேறு சிக்கல். அதிர்வெண் 60 ஆனால் அதன் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மாவு சூடாகும், டிரான்ஸ்ஃபார்மரால் அதை மாற்ற முடியாது. கிரைண்டர் இல்லாமல் முடியாது என்பவர்கள் அமெரிக்கச் சந்தைக்கென வரும் 110 வோல்ட் மாடலை வாங்குங்கள். பிளக்கும் அதிர்வெண்ணும் அப்படியே பொருந்தும், வோல்டேஜும் நெருங்கியதே.

மின்சாரம் வேண்டாத பிரஷர் குக்கர், இட்லித் தட்டு, இடியாப்ப உழக்கு, தோசைக்கல் ஆகியவற்றைத் தாராளமாகக் கொண்டுபோங்கள். குக்கருக்கு மாற்று கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு சேர்த்து வையுங்கள். மெக்சிகோவில் குக்கர் எல்லாக் கடையிலும் உண்டு, ஆனால் நம் குக்கருக்குப் பொருந்தும் கேஸ்கெட் கிடைக்காது.

அங்கே வாங்க வேண்டியது லிகுவாதோரா எனப்படும் மிக்ஸி. சல்சா என்ற காரச் சட்னி அரைப்பதற்காக வீட்டுக்கு வீடு இருப்பதால் வகைக்குக் குறைவில்லை. கண்ணாடி ஜாரும் உலோகப் பல்சக்கரமும் உள்ளதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் பல்சக்கரம் ஊறிய அரிசிக்குத் தாங்காது. வால்மார்ட், சாம்ஸ் கிளப், லிவர்பூல் ஆகிய பெருங்கடைகள் எல்லாம் மசாத்லானில் உள்ளன. தவணைக்குப் பொருள் விற்கும் கொப்பெல், மசாத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்திலேயே பிறந்த நிறுவனம். இத்தகைய தவணைக் கடைகளில் விலைச்சீட்டை நிதானமாகப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பதினைந்து நாளுக்கொரு முறை கட்டும் தவணைத் தொகை. நீங்கள் பார்க்க வேண்டியது 'பிரேசியோ தே கொந்தாதோ' என்ற ரொக்க விலை. 'மேசேஸ் சின் இந்தரேசேஸ்' என்றால் வட்டியில்லா மாதத் தவணை. அது மெக்சிகோ வங்கிகளின் கிரெடிட் கார்டுக்கே செல்லும், இந்திய கார்டுக்குப் பொருந்தாது. அவசரமில்லாத பெரிய பொருட்களை நவம்பர் 20 புரட்சி நாள் விடுமுறையை ஒட்டி வரும் 'புயென் ஃபின்' தள்ளுபடி வரை தள்ளிப் போடுங்கள். 2011இல் தொடங்கிய இந்த விற்பனையில் உண்மையாகவே விலை குறையும் பொருட்கள் உண்டு. குறைந்ததா என்று தெரிய அக்டோபரிலேயே விலையைக் குறித்து வைக்க வேண்டும்.

மினிஸ்ப்ளிட் ஏசி வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போகுமுன் வீட்டின் மின் இணைப்பைப் பாருங்கள். ஒரு டன், அதாவது 12,000 பிடியூ இயந்திரம் 110 வோல்ட், 220 வோல்ட் என்று இரண்டு வகையிலும் விற்கிறது. விலை ஒன்றுபோல இருப்பதால் பலர் கவனிக்காமல் வாங்கி, பொருத்த வந்த ஆள் திரும்பிப் போன பிறகு விழிக்கிறார்கள். கடலோரத்தில் உப்புக்காற்று வெளி யூனிட்டின் தகடுகளை அரிக்கும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். கேஸ் அடுப்பு வாங்கினால் எல்பி வாயுவுக்கு அமைத்ததா என்பதைப் பாருங்கள்.

இனி சமையலறை. இங்கேதான் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நன்றாக இருக்கிறது. நம் சமையலின் முக்கால்வாசிப் பொருட்கள் மெக்சிகோவில் அன்றாடப் பொருட்களே. மிளகாயின் தாயகமே அந்த மண். பச்சை மிளகாய்க்கு செர்ரானோ, காரமான வற்றலுக்கு சீலே தே ஆர்போல், நிறத்துக்கு குவாஹியோ. இந்த மூன்று பெயரும் தெரிந்தால் குழம்புத்தூள் வீட்டிலேயே தயார். செர்ரானோ இல்லாவிட்டால் மட்டும் ஹலபேன்யோ. அதன் சதை தடிப்பு, தாளிப்புக்கு ஒத்துவராது. சிறிய பச்சை எலுமிச்சை, கொத்தமல்லி, பூண்டு, வெங்காயம், தக்காளி எல்லாம் கிலோக் கணக்கில் மலிவு. சௌசௌ 'சயோத்தே' என்ற பெயரில் குவிந்திருக்கும். அந்தக் கொடியும் அங்கிருந்து உலகுக்கு வந்ததுதான். வாழைக்காய்க்கு 'பிளாத்தானோ மாச்சோ' உண்டு, ஆனால் நம் காயைவிடப் பெரியது, மாவுச்சத்து அதிகம்; வறுவலுக்கு நன்றாக வரும். வாழை இலையும் விற்கிறார்கள். புளி 'தமரிந்தோ', ஓட்டோடு வாங்குங்கள். பிசைந்து உருட்டி விற்பதில் சர்க்கரையும் மிளகாயும் கலந்திருக்கும். வெல்லத்துக்குக் கூம்பு வடிவப் 'பிலோன்சியோ' அப்படியே பொருந்தும். பாயசத்துக்குத் துருவிப் போடலாம். பட்டை இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள் பட்டையாகவே பெரும்பாலும் இருக்கும். இலங்கைப் பட்டையை அதிகம் வாங்கும் நாடு மெக்சிகோதான்.

சீரகம் எங்கும் கிடைக்கும். மஞ்சள்தூள், தனியா, கடுகு, வெந்தயம் ஆகியவற்றை சூப்பர் மார்க்கெட்டில் தேடாதீர்கள். சந்தையின் மூலிகைக் கடையில் கிராம் கணக்கில் தருவார்கள். கடலை மாவும் பயறும் இயற்கை உணவுக் கடைகளில் கிடைக்கும். கொண்டைக்கடலைக்குப் பஞ்சமே இல்லை, சினலோவா அதை விளைவித்து ஏற்றுமதி செய்யும் மாநிலம். கோதுமை மாவு என்று வாங்கினால் மைதாதான் வரும். 'இன்தெக்ரால்' என்றிருப்பது தவிட்டோடு கரடுமுரடாக இருக்கும். இரண்டையும் சரிபாதி கலந்து, வெதுவெதுப்பான நீரில் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் சப்பாத்தி மிருதுவாக வரும். தயிரில் 'நத்துரால்' என்று எழுதியிருந்தாலும் பலவற்றில் சர்க்கரை இருக்கும். 'சின் அசூக்கார்' (சர்க்கரை இல்லாதது) என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2020 அக்டோபர் முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் முன்பக்கத்தில் கருப்பு எண்கோண முத்திரை கட்டாயம். மொழி தெரியாத முதல் மாதத்தில் அதைப் போல உதவும் வேறொன்றில்லை. பொட்டலத் தேங்காய்த் துருவலிலும் சர்க்கரை சேர்ப்பதுண்டு. முழுத் தேங்காய் வாங்குங்கள்.

ஊர்க் கடைகளில் கிடைக்காதவை இவைதான்: உளுந்து, துவரம்பருப்பு, பெருங்காயம், நல்லெண்ணெய், கறிவேப்பிலை. பெருங்காயமும் அரைத்த பொடிகளும் பெட்டியில் இடம்பெறட்டும். முளைக்கக்கூடிய தானியம், விதை, பச்சை இலை ஆகியவை விமான நிலையத்தில் வேளாண் சுகாதாரச் சோதனைக்கு உட்பட்டவை. சுங்கப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவித்ததை எடுத்துக்கொண்டால் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதமும் சேரும். உளுந்தையும் துவரையையும் அமேசான் மெக்சிகோ, மெர்காதோ லிப்ரே என்ற இரண்டு இணையக் கடைகளிலும் பார்த்து வாங்குங்கள். சாம்பாருக்குத் துவரை தீர்ந்தால் சந்தையில் விற்கும் மைசூர்ப்பருப்பு வகையை வேகவைத்து மசித்துவிடலாம்.

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'மந்தேக்கா' என்றால் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. கோதுமை தொர்த்தியா (மெல்லிய ரொட்டி), தமால் (சோளமாவுக் கொழுக்கட்டை), பேக்கரிப் பண்டம், மசித்த பீன்ஸ் எதிலும் அது இருக்கலாம். சினலோவாவின் பெயர்பெற்ற 'ஃப்ரிஹோலேஸ் புவெர்கோஸ்' பீன்ஸ் பண்டமே என்றாலும் அதில் பன்றிக்கொழுப்பும் சொரிசோ என்ற இறைச்சித் தொத்தும் உண்டு. தொர்த்தியா கடையில் கிலோவாக விற்கும் சூடான சோளத் தொர்த்தியாவில் சோளமும் சுண்ணாம்பு நீரும் மட்டுமே, தயங்காமல் வாங்கலாம்.

எங்கே வாங்குவது என்பதில் ஒரு விதி சொல்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே கடையில் முடிக்க நினைக்காதீர்கள். சோப்பு, எண்ணெய், அரிசி, பால் போன்றவை சூப்பர் மார்க்கெட்டில். லேய், சோரியானா, வால்மார்ட் மூன்றும் விலையில் நெருங்கியவை. வால்மார்ட்டில் செவ்வாய்க்கிழமை காய்கறி விலை குறையும். காய், இறைச்சி, மசாலா ஆகியவற்றுக்குப் பழைய நகரில் பேராலயத்துக்கு அருகே உள்ள இரும்புக் கூரை பினோ சுவாரெஸ் சந்தை. காலை எட்டு முதல் பத்துக்குள் போனால் சரக்கு புதிது. சுற்றுலா விடுதிகள் நிறைந்த சோனா தொராதா பகுதியில் அன்றாடப் பொருள் வாங்குவது வீண்செலவு. அங்கிருந்து சாபலோ சென்ட்ரோ பஸ் சந்தைப் பக்கமே போகிறது. மூட்டையோடு திரும்ப 'புல்மோனியா' எனப்படும் திறந்த வண்டியில் ஏறினால் கட்டணத்தை ஏறுமுன் பேசிவிடுங்கள். பழைய தட்டுமுட்டுச் சாமானுக்கு ஹுவாரெஸ் பகுதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நல்லது. அங்கே பேரம் உண்டு. காய்கறிக் கடையில் பேரம் பேசுவது வழக்கமில்லை, இரண்டு கிலோ வாங்கும்போது ஒரு கைப்பிடி கொத்தமல்லி கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்கள்.

மீன் இந்த ஊரின் பெரும் பேறு. 'சியெர்ரா' நம் வஞ்சிரத்தின் குடும்பமே, விலையும் எளிது. அந்த ஊரில் அதைக் கொத்தி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் செவிச்சே செய்வார்கள் என்பதால், துண்டு மீனாக வேண்டும் என்று முன்பே சைகையோடு சொல்லுங்கள்; சொல்லாவிட்டால் முள் நீக்கித் தோலுரித்துவிடுவார்கள். 'லீசா' மடவை. 'வாச்சினாங்கோ', 'பார்கோ' இரண்டும் சங்கராவின் உறவு. ப்ளாயா நோர்த்தே கரையில் படகுகள் காலையில் திரும்பும்போது நேராக வாங்கலாம்.

இறால் வாங்க, பழைய நகரின் அக்கிலேஸ் செர்தான் தெருவில் குடையின் கீழ்த் தொட்டிகளோடு அமர்ந்திருக்கும் பெண்களிடம் போங்கள். கடல் இறாலுக்குப் பொதுவாக மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை பிடிதடை. அந்த மாதங்களில் 'புதிது' என்பது வளர்ப்பு இறாலாகவோ உறையவைத்ததாகவோ இருக்கும். அதனால் கெட்டுப்போவதில்லை, ஆனால் கடல் இறால் விலை கொடுக்கத் தேவையில்லை. தலையோடு உள்ள இறாலில் எடையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தலையிலேயே போய்விடும். தலையோடு கிலோ 200 பெசோ என்றால் தலையில்லாத கணக்கில் அது 300க்கு மேல். தராசில் ஏற்றுமுன் ஐஸ் தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பகுதி கறுத்து, அமோனியா வாடை வீசினால் விட்டுவிடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். '$' குறி அங்கே பெசோவைக் குறிக்கும். விலைச்சீட்டில் 16 சதவீத விற்பனை வரி ஏற்கெனவே சேர்ந்திருக்க வேண்டும்; சமைக்காத உணவுக்கும் மருந்துக்கும் அந்த வரி கிடையாது. 500 பெசோ நோட்டைச் சந்தையில் நீட்டினால் சில்லறை இருக்காது, அதை சூப்பர் மார்க்கெட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மோ கார்டு இயந்திரமோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா' என்று கேட்டால் மறுத்து, பெசோவைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரம் கணக்கிடும் மாற்று விகிதம் எப்போதும் உங்களுக்குப் பாதகம். இந்திய கார்டு இணையக் கடையில் மறுக்கப்பட்டால், ரொக்கமாகச் செலுத்தும் வழியைத் தேர்ந்து, வரும் குறியீட்டைக் காட்டித் தெருமுனை ஓக்ஸோ கடையில் கட்டிவிடலாம். முகவரியில் குடியிருப்புப் பகுதி, ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, வீடு எந்த இரு தெருக்களுக்கு இடையே என்ற மூன்றும் இருந்தால்தான் பொட்டலம் வந்துசேரும்.

மருந்துக் கடையில் பிராண்டைச் சொல்லிக் கேட்காமல் மூலப்பொருள் பெயரை எழுதிக் காட்டுங்கள். மெட்ஃபார்மின், லொசார்டன் போன்றவை மலிவான பொது வகையில் கிடைக்கும். மெட்ஃபார்மின் அங்கே 850 மில்லிகிராமில் அதிகம் விற்கிறது; நீங்கள் 500 எடுப்பவரானால் அட்டையைப் பார்த்தே வாங்குங்கள். 2010 முதல் ஆன்டிபயாடிக்குக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். பல மருந்துக் கடைகளை ஒட்டியே சிறு கட்டணத்தில் மருத்துவர் அறை இருக்கிறது.

பில்லை எறியாதீர்கள். சீட்டு வெயிலில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுங்கள். உத்தரவாதம் தரும் பொருளுக்குச் சட்டப்படி குறைந்தது 90 நாள். இணையத்தில் வாங்கியதை ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். கடையில் நேரில் வாங்கிய பழுதில்லாத பொருளுக்கு அந்த உரிமை இல்லை, கடையின் தயவுதான். விலைச்சீட்டில் உள்ளதைவிடக் கல்லாவில் அதிகம் கேட்டால் சீட்டு விலைக்கே தரச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் அமைப்பான ப்ரொஃபெக்கோவிடம் புகார் செய்யலாம். அதற்கு பில்லும், அலமாரியில் இருந்த விலைச்சீட்டின் படமும் வேண்டும். ப்ரொஃபெக்கோவின் பெயரைச் சொன்னவுடனேயே பல கடைகளில் மேலாளர் வந்து சரிசெய்துவிடுவார்.