எதுவும் தடவாத முலாம்பழத் துண்டிலும் பூஞ்சை பிடித்தால்

ரொட்டிப் பூஞ்சையின் தூளைத் தடவிய முலாம்பழத் துண்டில் மட்டுமல்லாமல், ஒன்றும் தடவாத துண்டிலும் பூஞ்சை வந்துவிட்டது, மகளின் பள்ளிச் செய்முறை பாழ் என்று எழுதியிருக்கிறீர்கள். பாழெல்லாம் இல்லைங்க. இத்தாலியின் ஃபுளோரன்ஸில் 1679இல் பிறந்த தாவரவியலாளர் பியர் அந்தோனியோ மிக்கேலிக்கும் இதேதான் நடந்தது.

அழுகலிலிருந்து பூஞ்சை தானாக முளைக்கிறது என்று பலரும் நம்பிய காலத்தில், அந்தத் தூள்தான் அதன் விதை என்று சந்தேகப்பட்டு, அதை முலாம்பழத் துண்டுகளில் போட்டு, எந்தப் பூஞ்சையின் தூளோ அதே பூஞ்சை முளைப்பதைக் காட்டி, 1729இல் புத்தகமாகப் போட்டார் மனிதர். தூள் போடாத இடத்திலும் பூஞ்சை வந்ததற்கு அவர் சொன்ன காரணம், காற்றில் வந்து விழுந்திருக்கும் என்பது. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. (ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வகைக்கு அந்தப் பெயரும் அவர் வைத்ததுதான், அது தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவி போல இருந்ததாம்.)

அதனால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடாமல், எந்த நாளில், எந்த நிறத்தில் வந்தது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, துண்டுகளைத் தனித்தனி மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். திறந்து முகர்ந்து பார்க்க மட்டும் விடாதீர்கள்.