எடை திரும்ப ஏறுவதும் எண்ணெய்க் கணக்கும்: கேள்வி பதில்

கேள்வி: 80 கிலோவிலிருந்து 72-க்கு வந்தேன். அதே சாப்பாடுதான், ஆனா இப்போ மாசம் ஒரு கிலோ ஏறுது. ஏன் சார்?

பதில்: உடம்பு இளைத்ததும் அது செலவழிக்கும் கலோரியும் குறையும், பசியோ கூடும். மாதம் ஒரு கிலோ ஏறுகிறது என்றால் நாளுக்குச் சுமார் 250 கலோரி மிச்சமாகிறது. இது இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்தான். எடை குறைக்கும்போது ஸ்பூனால் அளந்து ஊற்றிய கை, பிறகு கேனைச் சாய்க்கத் தொடங்கிவிடும். முதலில் அங்கே பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இதய நோயாளிக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் அது கொழுப்பு அல்ல, உடம்பில் தேங்கும் நீர். உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கேள்வி: வீட்டில் நாலு பேர். எவ்வளவு எண்ணெய் வாங்கலாம்? செக்கு எண்ணெய் நல்லதா?

பதில்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர், ஆக இரண்டு லிட்டர். தாளிப்பு, தோசை, வடை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். ஒன்றாம் தேதியே தனிக் கேனில் ஊற்றி வையுங்கள். பத்தாம் தேதிக்குள் பாதி காலியானால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் கத்திரிக்காய், உருளை வறுவல்தான் குடிக்கும். ஆவியில் முக்கால் பதம் வேகவைத்து, கடைசியில் ஒரு ஸ்பூன் விட்டுப் புரட்டினால் போதும்.

செக்கில் ஆட்டினாலும் கலோரி அதேதான். கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு நல்லெண்ணெய், கடலை எண்ணெயில் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம், பாமாயிலில் 50 சதவீதம் போல, தேங்காய் எண்ணெயில் 80-க்கு மேல். கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்கள் கடைசி இரண்டையும் அன்றாடச் சமையலுக்கு வைக்க வேண்டாம். வடை சுட்ட எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள்.

கேள்வி: எண்ணெயே சேர்க்கிறதில்லை, டிரைகிளிசரைடு 280. எப்படி?

பதில்: தேவைக்கு மேல் போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பாக, மாற்றிவிடும். மூன்று வேளையும் அரிசி, நடுவில் சர்க்கரை போட்ட காபி, பழச்சாறு என்றால் எண்ணெயை விட்டும் பயனில்லை. சோறு ஒரு கப்; தட்டில் பாதி காய், கூடவே சுண்டலோ கெட்டிப் பருப்போ. நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சியும் மாவுதான், அதற்கும் அளவு உண்டு. மது இருந்தால் முழுவதுமாக நிறுத்துங்கள். சர்க்கரையும் தைராய்டும் பரிசோதியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. முட்டை?

பதில்: வெள்ளைக்கரு தாராளமாக. மஞ்சள் கரு எத்தனை என்பதை அவரது கொலஸ்ட்ரால், சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். எப்படியும் அவித்த முட்டைதான், ஆம்லெட் வேண்டாம்.

கேள்வி: அம்மா பி.பி. மாத்திரை போடுறாங்க. இந்துப்பு, சோடியம் குறைந்த உப்பு மாத்தலாமா?

பதில்: இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும்; சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தாலோ ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சோற்றுக்கு உப்புப் போடாமல் வடியுங்கள், மோரில் உப்பு சேர்க்காதீர்கள். எலுமிச்சையும் மிளகும் கூட்டினால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.