புதிதாக வாங்கும் மடிக்கணினியில் டிவிடி டிரைவ் கட்டாயம் இருக்க வேண்டுமா?

மடிக்கணினிக்குள்ளேயே டிவிடி டிரைவ் இருக்க வேண்டும் என்று தேடி வாங்கும் காலம் போய்விட்டது. ஆனால் வெளியே பொருத்தும் டிரைவ் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கத்தான் வேண்டும், அதையும் தள்ளிப்போடாமல் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர் தம்மை முல்லைத்தீவுப் பக்கத்தவர் என்கிறார். கனடாவில் உள்ள மாமா வாங்கித் தரப்போகும் மடிக்கணினி டிவிடி டிரைவ் உள்ள சற்றுப் பழைய மாதிரியாக இருக்கட்டுமா, அது இல்லாத மெல்லிய புதிய மாதிரியாக இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் ஒரு பை நிறையப் பழைய இறுவட்டுகள் கிடப்பதாகவும் சொல்லியிருக்கிறார். எனக்கு முன்னர் பதில் எழுதியவர்கள் “இந்தக் காலத்தில் யார் ஐயா சீடி போட்டுப் பார்க்கிறார்கள்” என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசுவமடுவில் போட்டோக் கொப்பி, தட்டச்சு, கணினி திருத்தம் எல்லாம் சேர்ந்த சிறு கடை ஒன்றை நடத்துபவன் நான். இறுவட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியேறும் ஆட்களை இன்றும் பார்க்கிறவன் என்பதால் அந்தச் சிரிப்பைக் கடந்து போக முடியவில்லை.

முதலில் கணினியின் கதையை முடித்துவிடுகிறேன். ஆப்பிள் நிறுவனம் 2008 ஆம் ஆண்டில் மக்புக் எயாரை டிரைவ் இல்லாமல் வெளியிட்டது. 2012 இல் ரெட்டினா திரை கொண்ட மக்புக் புரோவிலிருந்தும் அதை எடுத்துவிட்டது. மற்ற நிறுவனங்களும் பிறகு ஒவ்வொன்றாக அதே வழிக்கு வந்தன. இறுவட்டின் விட்டம் 12 சென்ரிமீற்றர். டிரைவின் நீள அகலத்தை அதற்குக் கீழே கொண்டுவர எவராலும் முடியாது. தடிப்பை மட்டும் 12.7 மில்லிமீற்றரிலிருந்து 9.5 க்கும், பிறகு 9 க்கும் குறைத்துப் பார்த்தார்கள். அதற்கு மேல் பெரிதாக மெலிய வழியில்லாமல் போகவே, அந்த இடத்தைப் பற்றரிக்குக் கொடுத்துவிட்டார்கள். மின்வெட்டுப் பழகிய நாங்கள் அதைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே இன்று டிரைவ் உள்ளதாகத்தான் வேண்டும் என்று தேடினால் பெரும்பாலும் கிடைப்பது வயதான இயந்திரமே. இன்டெல் கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது பொதுவாக எட்டாம் தலைமுறை புரொசசரிலிருந்துதான். விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. ஒரு டிரைவுக்கு ஆசைப்பட்டு, பாதுகாப்பு இற்றைப்படுத்தல் கிடைக்காத கணினி ஒன்றை மாமாவின் பணத்தில் வாங்குவது புத்தியான காரியமாக எனக்குப் படவில்லை. விண்டோஸ் போடுவதற்கு டிவிடி வேண்டும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: விண்டோஸ் 11 இன் நிறுவல் கோப்பு 4.7 ஜிபி கொள்ளும் சாதாரண டிவிடிக்குள் அடங்காது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றே அதற்குப் போதும்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. மேசைக் கணினியின் டிரைவில் தட்டு மட்டும் வெளியே வரும். லேசர் வில்லை உள்ளேயே நிற்கும். மடிக்கணினியின் மெல்லிய டிரைவைத் திறந்தால், இறுவட்டைச் சுழற்றும் அச்சும் லேசர் வில்லையும் தட்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியோரத்தில் அதை ஒரு நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள், வில்லையின் மேல் செந்தூள் படிந்திருக்கும். “டிரைவ் பழுதாப் போச்சு” என்று என்னிடம் வருபவற்றில் பல, பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தவுடன் ஓடத் தொடங்கியவையே. வெளியே பொருத்தும் டிரைவும் உள்ளமைப்பில் அதே மாதிரியானதுதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வேலை முடிந்ததும் அதை உறைக்குள் போட்டு அலுமாரியில் வைக்கலாம், பழுதானால் அதை மட்டும் மாற்றலாம், அயல் வீட்டாருக்கும் இரவல் கொடுக்கலாம்.

இனி அந்தப் பையில் உள்ள இறுவட்டுகளுக்கு வருகிறேன். வன்னியில் 2009 க்கு முன்னர் எடுத்த படத்தையோ வீடியோவையோ கையில் வைத்திருக்கும் வீடு அரிது. இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மாதங்களில் அல்பங்களையும் கசெட்டுகளையும் காவிக்கொண்டு திரிய முடியாமல் விட்டுவிட்டு வந்தவர்களும், தறப்பாளில் சுற்றிப் புதைத்துவிட்டு வந்து பிறகு அந்த இடத்தையே அடையாளம் காண முடியாமல் போனவர்களும்தான் எங்களில் அதிகம். இப்போது எங்கள் வீடுகளில் இருக்கும் பழைய கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவை. 2002 இல், வன்னியூடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி மீண்டும் திறந்து, சமாதான காலத்தில் ஊருக்கு வந்துபோன உறவினர்கள் தங்களுடன் கொண்டுபோன கசெட்டுகளை யுத்தம் முடிந்தபின் அங்கே டிவிடியாக மாற்றி அனுப்பினார்கள். அந்த டிவிடிகளுக்குத்தான் இப்போது வயதாகிறது. ஸ்ரூடியோக்கள் பதிந்து தரும் இறுவட்டில் தகவல் இருப்பது சாயம் போன்ற ஒரு மெல்லிய படையில். அதற்கு வெப்பமும் வெளிச்சமும் ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் உறையில் பல ஆண்டுகள் கிடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உடையார்கட்டுப் பக்கத்து அக்கா ஒருவர் தம்முடைய கலியாண வீட்டு டிவிடியைக் கொண்டுவந்தார். சுவிஸில் உள்ள மைத்துனர் அனுப்பியது. மேலே மணமக்களின் படத்துடன் கடதாசி லேபிள் ஒன்று ஒட்டப்பட்டு, ஈரம் பட்டு ஓரத்தில் கொப்புளித்திருந்தது. “தம்பி, அரைவாசிக்கு மேல ஓடுதில்லை. கடைசியிலதான் அப்பா வாறவர். அந்த இடத்தை மட்டும் எண்டாலும் எடுத்துத் தாங்கோ” என்றார். அவருடைய தகப்பனாரின் வேறு படம் எதுவும் வீட்டில் இல்லை என்பதைப் பிறகுதான் சொன்னார்.

இறுவட்டு உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவது. வீடியோவின் தொடக்கம் நடுத் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். டிவிடி நிரம்பப் பதிந்திருந்தால் முடிவு வெளி ஓரத்துக்குப் போய்விடும். நாங்கள் விரலால் பிடிப்பதும், உறைக்குள் தள்ளும்போது உரசுவதும், ஈரம் நுழைவதும் அந்த ஓரத்தில்தான். அக்காவின் மகன் கொண்டுவந்த மடிக்கணினியின் உள் டிரைவில் போட்டபோது, லேபிளின் கொப்புளத்தால் இறுவட்டு சமநிலை இழந்து அதிர்ந்தது. கணினி உறைந்து நின்றது. என்னிடம் இருந்த வெளி டிரைவும் ஏறத்தாழ அதே இடத்தில் கைவிட்டது. இறுதியில், கழித்துவிட்ட மேசைக் கணினி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த பெரிய டிரைவ்தான் அதை மெதுவாகப் படிக்கத் தொடங்கியது. ஒரு டிரைவ் படிக்க மறுத்த இடத்தை இன்னொரு டிரைவ் படிப்பது புதுமையல்ல. ஒவ்வொன்றின் வில்லையும் பிழை திருத்தும் விதமும் வேறு.

லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அது இலகுவாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போகும். எதுவரை எடுத்தது என்பதை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் மின்சாரம் போனாலும், வேறு டிரைவுக்கு மாற்றினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரவு மின்சாரம் போகத்தான் செய்தது. ஆயினும் அறுகரிசி போடும் இடம் வந்துவிட்டது. வேட்டி சால்வையுடன் அந்த ஐயா மணமக்களுக்கு முன்னால் வந்து, கையை உயர்த்தும்போது படம் சதுரம் சதுரமாக உடைகிறது. அவர் திரும்பி நடக்கும்போது மீண்டும் தெளிகிறது. அந்தச் சில நொடிகளை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், உடைஞ்சாலும் அது அவர்தானே” என்றார் அக்கா.

“கடைக்காரன் தன் வியாபாரத்துக்காகக் கதை சொல்கிறான்” என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். நல்ல நிலையில் உள்ள டிவிடியைப் பிரதி எடுக்க எந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை என்றுதான் நான் சொல்ல வருகிறேன். டிரைவ் ஒன்று இருந்தால் நீங்களே செய்யலாம். இறுவட்டைத் திறந்தால் ஒவ்வொன்றும் 1 ஜிபி வரை உள்ள பெரிய கோப்புகள் தெரியும். எது படம், எது தேவையில்லாதது என்று தெரிவு செய்துகொண்டிருக்காமல் முழு இறுவட்டையும் அப்படியே ஹார்ட் டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். எம்பி4 ஆக மாற்றுவதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். விண்டோஸ் 8 இலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதி கணினியோடு வருவதில்லை, ஆகவே படம் ஓட்டும் இலவச மென்பொருளான விஎல்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. ஒட்டிய லேபிளை உரிக்காதீர்கள். சீடியாக இருந்தால், தகவல் படை லேபிளுக்கு உடனே கீழே இருப்பதால் அதுவும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

சீடியும் டிவிடியும் செத்துவிட்டன என்பவர்கள் எங்கள் அலுவலகங்களுக்குள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் ஆவணங்களை “இறுவட்டில் பதிந்து” சமர்ப்பிக்கும்படி ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வெற்று இறுவட்டு உள்ளூரில் கிடைக்காமல் கிளிநொச்சிக்குப் போய் வாங்கி, பதிந்து, உறையில் பெயர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிய உத்தியோகத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதைப் பென் டிரைவிலயும் தாங்கோ, இந்தக் கொம்பியூட்டர்ல இது போட இடமில்லை” என்றார். பழைய கடிதத்தின் திகதியை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களால் ஒரு சங்கத்தின் அரை நாள் வீணாகிறது. எம்ஆர்ஐ, சிரி ஸ்கேன் படங்களை இறுவட்டில் போட்டுத் தருவதில் அப்படிக் குறை சொல்ல மாட்டேன். அதில் படங்களும் அவற்றைத் திறக்கும் மென்பொருளும் சேர்ந்தே இருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் எடுத்ததை முல்லைத்தீவில் இன்னொரு வைத்தியருக்குக் காட்டப் போகும் நோயாளி, அங்கே டிரைவ் இருக்குமா என்று நம்பிப் போக முடியாது. முழு இறுவட்டையும் பென் டிரைவுக்கும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இறுவட்டுக்கு ஒரு நற்சான்றும் கொடுக்க வேண்டும். மேலும் எதுவும் எழுத முடியாதபடி பதிந்து முடித்த இறுவட்டில் வைரஸ் புகுந்து எழுத முடியாது. கடைக்குக் கடை பென் டிரைவ் மாறி மாறிப் போய், கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட் ஆகி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிப் பென் டிரைவுகளும் சந்தையில் உண்டு. ஆகவே பிரதியை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று ஹார்ட் டிஸ்கில், ஒன்று மாமாவிடம் என்றாவது இருக்கட்டும். அதற்காகப் புதிதாக இறுவட்டில் பதிந்து சேமிக்கச் சொல்லவும் மாட்டேன். பதியக்கூடிய புளூ-ரே இறுவட்டுகளின் தயாரிப்பை சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. மற்றவையும் வர வர அரிதாகவே கிடைக்கும்.

மாமாவிடம் மெல்லிய புதிய மாதிரியையே வாங்கச் சொல்லுங்கள். கூடவே வெளி டிவிடி டிரைவ் ஒன்றையும் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். யுஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவது 500 மில்லிஅம்பியர்தான். இறுவட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் சில டிரைவுகளுக்கு அது போதாமல் திக்கி நிற்கும். அப்படிப்பட்ட டிரைவுக்கு இரண்டு துளைகளில் செருகும் இரட்டைத் தலை வயர் வேண்டும். 900 மில்லிஅம்பியர் தரும் யுஎஸ்பி 3.0 இல் இந்தச் சிக்கல் குறைவு. வாங்கும் கணினியில் சி வகைத் துளைகள் மட்டுமே இருந்தால் அதற்கேற்ற இணைப்பியும் தேவைப்படும். இவற்றோடு, அந்த டிவிடிகள் எந்தக் கசெட்டிலிருந்து எடுக்கப்பட்டன, அந்தக் கசெட் இன்னும் அங்கே யாருடைய வீட்டிலாவது இருக்கிறதா என்பதையும் அவரிடம் கேளுங்கள். இருந்தால் அதை எறியவோ, அதன்மேல் வேறு எதையும் பதியவோ விடவேண்டாம். இங்கே படிக்காத டிவிடிக்குப் பதிலாக அங்கேயே மறுபடி நேரடியாகக் கோப்பாக மாற்றி அனுப்பலாம்.