அல்பரீனோ என்னும் ஸ்பானிய வெள்ளைத் திராட்சை எங்கே விளைகிறது? அதன் ஒயினுக்கு எந்த உணவு பொருந்தும்?

ஸ்பெயின் என்றதும் மனத்தில் தோன்றும் சுட்டெரிக்கும் வெயிலுக்கும் வறண்ட மேட்டுநிலத்துக்கும் இந்தத் திராட்சையோடு தொடர்பே இல்லை. அல்பரீனோ விளைவது அந்நாட்டின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு நேர் வடக்கே, அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் கலீசியாவில். பணியின் பொருட்டு அங்குள்ள விகோ துறைமுக நகரில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தேன். அங்கே போய் நான் முதலில் வாங்கிய பொருள் ஒரு குடை. அந்தக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழையையும் கடலையும் புரிந்துகொண்டால், உங்கள் கேள்வியின் இரண்டு பகுதிகளுக்கும் பெரும்பாலான விடை கிடைத்துவிடும்.

பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி நின்றதால் உருவான நீண்ட உப்பங்கழிகளை அவ்வூரார் 'ரியா' என்கிறார்கள். கலீசியாவின் தென்புறத்து ரியாக்களுக்கு 'ரியாஸ் பைஷாஸ்' என்று பெயர். அல்பரீனோவின் முதன்மை விளைநிலத்துக்கும் அதுவே பெயர். 1980இல் முதலில் வழங்கப்பட்ட அங்கீகாரம் திராட்சையின் பெயரிலேயே இருந்தது. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் இணைந்த பிறகு, ஒற்றைத் திராட்சை வகையின் பெயரில் அவ்வாறு அங்கீகாரம் தர அச்சமூகத்தின் சட்டம் இடம் தராததால், 1988இல் நிலத்தின் பெயரால் 'ரியாஸ் பைஷாஸ்' என்ற புவிசார் அடையாளம் ஏற்பட்டது. இன்றும் அங்கு நடப்பட்டுள்ள கொடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அல்பரீனோதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலைக் கண்டவர்களுக்கு இவ்வூர்த் தோட்டங்கள் அந்நியமாகத் தோன்றா. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் இடுப்பளவுக்குக் கம்பியில் வரிசையாகக் கொடியைக் கட்டுவது வழக்கமாயிருக்க, இங்கே ஆளுயரத்துக்கும் மேலாகக் கருங்கல் தூண்களை நட்டு, அவற்றின் மேல் கம்பிகளை இழுத்துப் பந்தல் போட்டுவிடுகிறார்கள். ஈரமண்ணிலிருந்து குலைகள் விலகியிருப்பதாலும் அடியில் காற்று தங்கு தடையின்றி ஓடுவதாலும் பூஞ்சை நோய்கள் ஓரளவு குறைகின்றன. திராட்சைக்குத் தடித்த தோல் அமைந்திருப்பதும் இதற்குத் துணை செய்கிறது. முற்காலத்தில் அந்தப் பந்தலின் நிழலிலேயே காய்கறியும் பயிரிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிந்து துண்டு துண்டான நிலத்தில் ஓரங்குலமும் வீணாகக் கூடாதல்லவா?

இந்த விளைநிலத்தில் ஐந்து உட்பகுதிகள் உண்டு என்றாலும், ஐந்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. காம்பாதோஸ் ஊரை மையமாகக் கொண்ட வால் தோ சல்னேஸ் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும் என்பேன். கடலுக்கு மிக அருகில், குளிரும் ஈரமும் மிகுந்து, கருங்கல் பொடிந்து உண்டான மணற்பாங்கான மண்ணில் விளைவதால் இப்பகுதி ஒயினில் புளிப்பு கூர்மையாகவும், நாவின் ஓரத்தில் மெல்லிய உப்புச் சுவையாகவும் தெரியும். நூறாண்டைக் கடந்த கொடிகள் இங்கு இன்னும் காய்க்கின்றன. காம்பாதோஸில் 1953 முதல் ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அல்பரீனோவுக்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். நான் சென்ற ஆண்டில் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஒயினை நிதானமாகச் சுவைத்தறிய விரும்புகிறவர் வேறொரு மாதத்தில் போவதே நல்லது. தெற்கே மின்யோ ஆற்றங்கரையில் இருக்கும் ஓ ரொசால், கொந்தாதோ தோ தேயா ஆகிய இரு பகுதிகளும் சற்று வெப்பமானவை. முன்னதில் லொவ்ரெய்ரோ என்ற நறுமணத் திராட்சையையும், பின்னதில் திரெய்ஷாதுராவையும் அல்பரீனோவுடன் கலப்பதுண்டு. எஞ்சிய சோவ்தோமையோரும் ரிபெய்ரா தோ உல்யாவும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை.

மின்யோ ஆற்றைக் கடந்தால் போர்ச்சுகல். அக்கரையில் மொன்சாவுன், மெல்காசு ஆகிய ஊர்களைச் சுற்றி இதே திராட்சை 'அல்வரீன்யோ' என்ற பெயரில் விளைகிறது. மலைகள் கடற்காற்றைச் சற்றே தடுப்பதால் அங்கத்திய ஒயின் பெரும்பாலும் இன்னும் கனமாகவும் பழச்சுவை மிக்கதாகவும் இருக்கும். எனவே ஸ்பானியத் திராட்சை என்று போர்ச்சுகீசியரிடம் சொன்னால் மறுத்துப் பேசுவார்கள்; அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

இத்திராட்சையின் பிறப்பைப் பற்றி ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. இடைக்காலத்தில் துறவிகள் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையிலிருந்து கொண்டுவந்த ரீஸ்லிங் கொடியே நாளடைவில் அல்பரீனோ ஆயிற்று என்பது அக்கதை. மரபணு ஆய்வு அதை உறுதி செய்யவில்லை. இது இந்த மண்ணின் பழைய குடி என்று கொள்வதே பொருத்தம். ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ கதையன்று. ஸ்பெயினிலிருந்து பெற்ற கன்றுகளை அல்பரீனோ என்று நம்பி அங்குள்ள விவசாயிகள் பல ஆண்டுகள் பயிரிட்டு, அப்பெயரிலேயே ஒயினும் விற்றார்கள். 2008இல் ஒரு பிரெஞ்சு வல்லுநருக்கு ஐயம் எழ, அடுத்த ஆண்டு மரபணுச் சோதனையில் அவை பிரான்சின் ஜூரா பகுதிக்குரிய சவன்யான் என்று தெரியவந்தது. இதற்கு நேர்மாறாக, பருவநிலை வெப்பமடைவதை எதிர்கொள்ளும் பொருட்டு பிரான்சின் போர்தோ பகுதி 2021இல் அனுமதித்த ஆறு புதிய திராட்சைகளுள் அல்வரீன்யோவும் ஒன்று. வெயிலிலும் புளிப்பை எளிதில் இழக்காத அதன் இயல்பே காரணம்.

இனி உணவு. நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான முதிய அம்மையார் ஒருமுறை வேகவைத்த மட்டியைத் தட்டு நிறையப் பரிமாறியபோது, எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் ஏதும் சொல்லாமல் என் கண்ணாடிக் கிண்ணத்தில் அல்பரீனோவை ஊற்றினார். பொருத்தம் பற்றி எனக்குக் கிடைத்த முழுப் பாடமும் அதுதான்: எந்த உணவின் மேல் எலுமிச்சை பிழியக் கை போகுமோ, அந்த உணவுக்கு இந்த ஒயின் பொருந்தும். மீன் வாடைக்குக் காரணமான சேர்மங்களை அமிலம் அடக்கிவிடுகிறது. உணவிலுள்ள உப்போ ஒயினின் புளிப்பைத் தணித்து, அதன் பீச், ஆப்ரிகாட் போன்ற பழவாசனையை முன்னே கொண்டுவருகிறது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீனோடு சேரும்போது வாயில் உலோகச் சுவையைத் தோற்றுவிப்பதுண்டு. அந்தத் தொல்லையும் இங்கு இல்லை.

ஆகவே ரியாக்களில் மிதக்கும் மரத் தெப்பங்களிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கப்படும் மட்டி, ஆர்காதே ஊரின் வேகவைக்காத சிப்பி, அலை மோதும் பாறையில் உயிரைப் பணயம் வைத்துச் சுரண்டியெடுக்கும் பெர்செபெஸ் என்னும் ஓட்டுயிர், அடுப்பில் வாட்டிய விசிறிச் சிப்பி ஆகியவற்றோடு சல்னேஸ் ஒயினை அருந்துவதற்கு ஈடில்லை. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்லும் ஆக்டோபஸை வேகவைத்து, ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு, சிவப்பு மிளகாய்த்தூள் தூவி மரத்தட்டில் வைக்கும் உணவுக்கும் அல்பரீனோவையே எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். அவ்வூர்ப் பழைய கடைகளில் அதற்குக் கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரிபெய்ரோ பகுதியின் ஒயினைத்தான் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். எண்ணெய்ப் பசைக்கு அது நன்றாகவே ஈடுகொடுக்கிறது. வறுத்து உப்பிட்ட பத்ரோன் பச்சைமிளகாயும் வெண்ணெய் போன்ற தெதில்யா பாலாடைக்கட்டியும் அல்பரீனோவுக்கு நல்ல துணை.

நம்மூர் உணவோடு சேருமா என்று கேட்பீர்களானால், ஒரு முறை மத்தி மீனை நம் முறைப்படி மிளகாய் அரைத்துப் பூசி வறுத்துப் பார்த்தேன். சாராயச் சத்தும் புளிப்பும் காரத்தை ஏற்றிவிட்டதே தவிர ஒயினின் மணம் எதுவும் தெரியவில்லை. மிளகாயைக் குறைத்து மஞ்சளும் மிளகும் சேர்த்தபோது இரண்டும் இணங்கிப்போயின. புளி ஊற்றிய மீன் குழம்போடு மட்டும் வேண்டாம். புளிப்பின் மேல் புளிப்பு.

வாங்கும்போது புட்டியில் 'சோப்ரே லியாஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்டின் வண்டலோடு சில மாதங்கள் ஊறவிட்ட ஒயின் அது; சற்றுத் திரண்ட சுவையுடையதாதலால் கிரீம் சேர்த்த மீன் உணவையும் கோழியையும் தாங்கும். அந்தச் சொல் இல்லாத எளிய வகையைத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நொதிக்கவிட்டு விரைவில் அடைத்துவிடுகிறார்கள். அதை அறுவடையான ஓரிரு ஆண்டுகளுக்குள், 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சியில் அருந்தலாம். பழங்கொடியிலிருந்து வந்த வண்டல் ஒயினை மட்டும் அவ்வளவு குளிரவிடாதீர்கள், 12 டிகிரி போதும். அத்தகைய புட்டியை ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்து திறந்தாலும் வீணாகாது. நான் பயந்து பயந்து ஏழாம் ஆண்டில் திறந்த ஒன்றில் தேன்மணம் ஏறியிருந்தது, புளிப்பு அப்படியே இருந்தது.